நான் பிடித்த கொடி

கொடி பிடிக்க வேறு யாரும் வரவில்லை என்றுதான் நான் போனேன். ஆக்லாந்தில் என் மகளின் உயர்நிலைப் பள்ளி அணிக்குத்தான். சனிக்கிழமை பெண்கள் ரக்பியில் பந்து வெளியே போனால் கொடி தூக்க, ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒரு பெற்றோர் கோட்டோரம் நிற்க வேண்டும். மற்ற அம்மாக்கள் காபியோடு நைசாக ஒதுங்கிக்கொள்வார்கள். நான் போனில் வீடியோ பார்த்து விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன்.

மகளுக்குப் பள்ளியில் அது கடைசி வருடம். பக்குரங்காவில் அரையிறுதி ஆட்டம், ஓயாத தூறல். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் பந்து தன்னிடம் வருவதுபோல என் மகள் போக்குக் காட்டி ஓட, அது அவளுக்குப் பின்னால் வந்த தோழிக்குப் போனது. தோழி ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டாள், ஐந்து புள்ளி. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தார்கள். உடனே எதிரணிப் பெற்றோர் வழிமறிப்பு என்று கத்தினார்கள். கையில் பந்து இல்லாதவள் எதிராளியை மறிக்கக் கூடாது. மறித்தால் பெனால்டி, எடுத்த புள்ளியும் போச்சு. மறித்தது என் மகளாம்.

நான் பத்தடி தள்ளி நின்றேன். மகள் விலகித்தான் ஓடினாள். எதிரணிப் பெண்தான் வந்து அவள் தோளில் மோதி, விழுந்து, கையைத் தூக்கினாள்.

நடுவரின் பார்வையை ஆட்கள் மறைத்துவிட்டார்கள். நேரே என்னிடம் ஓடிவந்து, "மறித்தாளா?" என்று கேட்டார். "அது அவளோட அம்மா" என்று எனக்குப் பின்னால் எதிரணிப் பெற்றோர் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

"ஆமாம், மறித்தாள்" என்றேன்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்த வியாதி. கடை வரிசையில் பின்னால் வந்தவரை முன்னால் விடுவேன். ஆஸ்பத்திரி வேலையில் தீபாவளிக்கு லீவு கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸ் டியூட்டியையும் நானே வாங்கிக்கொள்வேன். நல்ல மாதிரி என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அதற்காகப் பெற்ற பிள்ளையையே விட்டுக் கொடுத்தேன்.

புள்ளி ரத்தாகி, நாங்கள் தோற்று ஆட்டம் முடிந்ததும் எதிரணி அப்பா ஒருவர் வந்து என் கையைக் குலுக்கினார். உங்களைப்போல நேர்மையானவர்களைப் பார்ப்பது அபூர்வம் என்றார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கார் நிறுத்திய இடம்வரை அது எனக்கு இனித்தது.

காரில் மகள் சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "நான் அவள மறிக்கவே இல்லம்மா" என்றாள். இங்கே பிறந்தவள், என்னிடம் தமிழில் பேசுவது எப்போதாவதுதான்.

"எனக்கு அப்படித்தான்டி தெரிஞ்சுது" என்றேன்.

லின்ஃபீல்டில் வீடு வந்ததும் பூட்ஸை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் ரக்பியே ஆடவில்லை.

இப்போது ஆல்பனியில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன மாதம் சாப்பாடு கொண்டுபோனபோது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீ மறிக்கலடி. நான் நல்லாப் பாத்தேன்."

சாம்பார் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டே, ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல் பதில் சொன்னாள்.

"தெரியும்மா. நடுவர் கேட்டப்போ நீ என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி, பின்னால சிரிச்சவங்களைப் பார்த்துட்டுத்தான் ஆமாம்னு சொன்னே."