கிளெமென்ற் அங்கிளின் எவர்சில்வர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யார் குடை வாங்கினாலும், சப்பாத்து வாங்கினாலும், முதலில் கிளெமென்ற் அங்கிளிடம்தான் கொண்டுபோவார்கள். துறைமுகத்தில் கப்பல் சாமான் சரிபார்க்கும் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நல்ல சாமான்" என்றால் வாங்கியவர் நிம்மதியாகத் தூங்குவார். "ம்" என்றால் கடைக்குத் திரும்பிப் போவார். என்னுடைய கிரைண்டருக்கும் ஒரு "ம்" கிடைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருஷம் அவரே ஒரு கத்தி வாங்கினார். மடக்குக் கத்தியல்ல. அலகும் பிடியும் ஒன்றாய் இறுகிய தடித்த கத்தி, தோல் உறையோடு. மனைவி பேர்ணடெற்றிடம் விலையைப் பாதியாக்கித்தான் சொன்னார். அந்தப் பாதிக்கே அன்ரி கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"இது குசினிக்கில்ல பேர்ணி" என்று அங்கிள் அதை அல்மாரியில் வைத்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எடுப்பார், வெளிச்சத்தில் திருப்புவார், "பாத்தீங்களா, ஒரு பொட்டுக் கறையில்ல" என்பார், திரும்ப வைப்பார். அவர் அதைக்கொண்டு ஒரு நூலைக்கூட வெட்டியது கிடையாது.

வினை வெள்ளவத்தையிலிருந்து வந்தது. நாகேந்திரம், துறைமுகத்துப் பழைய கூட்டாளி, இப்போது யூடியூபில் கத்தி பார்ப்பதே முழுநேர வேலை. அலகில் பொறித்திருந்த இரும்பு வகையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன ஐசே, பிடிக்கும் உறைக்கும் சல்லியைக் குடுத்திட்டீர். இரும்பு, உது மலிவுக் கத்திக்குப் போடுறதெல்லோ. வெறும் எவர்சில்வர். தேத்தண்ணி குடிக்கிற பேணி."

பிறகு தன் கத்தியை உருவினார். மனைவி சரோஜினிதேவியைக்கூடத் தொட விடாத கத்தி என்றார். அலகெல்லாம் சாம்பல்நீலப் படலம்.

"இது ஊத்தையில்லை. அசல் உருக்கு, ரோசமுள்ளது. புளி பட்டாலே நிறம் மாறும். எவர்சில்வருக்கு உந்த வடிவு வருமோ?"

ஒழுங்கைக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கிழமை பக்கத்து வீட்டு றெஜி புதுக் குடையைச் சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு அங்கிளின் வாசலைக் கடந்தார். வேறு யாரும் ஒரு சீப்பைக்கூடக் காட்ட வரவில்லை. அங்கிளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிரைண்டர்க் கணக்கு தீர்ந்தது என்று முதலில் எனக்குச் சந்தோஷம். பிறகு அவர் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டபோது பாவமாகிவிட்டது.

கடைசியில் ஒரு ஞாயிறு நாகேந்திரத்தையும் எங்களையும் கூப்பிட்டு, மேசையில் ஒரு தக்காளியை வைத்தார்.

"வெட்டினாத் தெரியும்தானே."

கத்தியை வைத்து இழுத்தார். தக்காளி நசுங்கியதே தவிர, தோல் கிழியவில்லை. இன்னொருதரம் இழுத்தார். சாறு சேட்டில் தெறித்தது.

"பேணி" என்றார் நாகேந்திரம்.

அங்கிள் சேட்டைத் துடைக்காமலே மூன்றாந்தரமும் கத்தியை எடுத்தார். அதைப் பார்த்துத்தான் அன்ரி குசினி வாசலிலிருந்து வந்தார்.

"கத்தில பிழையில்ல. கிழமை நாள்ல நான்தான் அதால மாசிக் கருவாடு உடைக்கிறன். கருங்கல்லு மாதிரி மாசி, மேல அம்மிக் குழவியால தட்டித் தட்டி. பலாக்காயும் வெட்டினன். புளிக்கிற தேசிக்காயும்."

அங்கிள் அலகை வெளிச்சத்தில் திருப்பினார். "கறையே இருக்கல்லையே" என்றார் மெதுவாக.

"அதுதான் நல்ல இரும்பு. என்னக் காட்டிக் குடுக்கல்ல."

அன்ரி ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியிலிருந்த சொரசொரப்பான வளையத்தில் கத்தியைக் கொஞ்ச நேரம் தேய்த்தார். முரண்டு பிடிக்காத இரும்பு, சொன்னபடி கேட்டது. அடுத்த தக்காளியிலிருந்து விழுந்த மெல்லிய துண்டுகளுக்குள்ளால், கீழே வைத்த பீங்கான் தட்டின் பூ தெரிந்தது.

அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கத்தியைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

"எண்டாலும் இந்த வடிவு வராது" என்று நாகேந்திரம் தன் கத்தியின் நீலப் படலத்தைத் தடவினார்.

அன்ரி குனிந்து அதைப் பார்த்தார்.

"அண்ணே, சரோஜினிதேவி அக்கா இப்பவும் தேசிக்காய் ஊறுகாய் போடுறவவா?"

"ஓம், போன மாசமும் பெரிய போத்தல்ல..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தித் தன் கத்தியைப் பார்த்தார்.