வெட்டி எறிந்த படி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புளி உலுக்கும் பருவத்தில் நடந்தது இது. திருப்பத்தூரில் வண்டிகளுக்கு டிங்கரிங் வேலை செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஜவ்வாது மலை புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டி. அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்தது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. உடம்புதான் போய்விட்டது. துரு தின்ற ஓட்டை வழியாகக் கீழே ரோடு தெரிந்தது.

"ஓட்டைய அடைச்சிக் குடுங்க மேஸ்திரி, போதும்" என்றார்.

எனக்குத்தான் ஆசை விடவில்லை. இப்படி ஒரு வண்டி என் கைக்கு வந்ததே இல்லை. போனில் பழைய ராணுவ ஜீப்புகளின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். "மிலிட்டரியில எப்பிடி இருந்துச்சோ, அப்பிடியே ஆக்கித் தர்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்கு மேல் அந்த வண்டியோடுதான் கிடந்தேன். அழுகிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தேன். ஒடுக்குகளைப் பட்டி பூசி மறைக்காமல், ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தட்டி நிமிர்த்தினேன். பின்பக்கம் யாரோ கோணல்மாணலாக ஒரு இரும்புப் படியும், பிடித்துக்கொள்ள ஒரு குழாயும் வெல்டிங் வைத்திருந்தார்கள். படங்களில் அப்படி எதுவும் இல்லை. இரண்டையும் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். ராணுவப் பச்சை அடித்து முடித்ததும் எனக்கே என்மேல் பெருமை.

வண்டியை எடுக்க வந்தவருடன் நானும் மலையேறினேன். ஊரே கூடிவிட்டது. ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். அப்போது ஊன்றுகோலுடன் அவருடைய அக்கா வந்தார். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியிருந்தது. அன்று சந்தை நாள். வாராவாரம் தம்பியின் ஜீப்பில்தான் புளியும் சாமையும் கொண்டுபோய் விற்பாராம். வண்டி என்னிடம் இருந்த நாளெல்லாம் அவர் சந்தைக்கே போகவில்லை.

வண்டியின் பின்னால் போய், பழக்கத்தில் கையை நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லை. கை புதுப் பெயிண்டின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. தடுமாறி, கோலை ஊன்றிச் சமாளித்து நின்றார்.

தம்பி ஓடிவந்து தூக்கப் போனார்.

"தூக்கல்லாம் வேணாம்டா" என்று அக்கா தம்பியின் கையை விலக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "வண்டி சூப்பரா கீது மேஸ்திரி. நான் பஸ்ல போய்க்கிறேன்."

காலை பஸ் எப்போதோ போய்விட்டது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மூட்டைகளோடு அவர் வீட்டுக்கே திரும்பிப் போனார்.

"படி போனத நானும் கவனிக்கல மேஸ்திரி" என்று தம்பி பழியைப் பாதி வாங்கிக்கொண்டார். அது என்னை இன்னும் குறுக வைத்தது. அந்த வண்டியை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். அதில் யார் ஏறுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வெல்டிங் சாமான்களோடு மறுபடியும் மலையேறினேன். "பழைய மாதிரியே வெச்சுத் தர்றேன்க்கா" என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். "பழைய மாதிரி வேணாம் மேஸ்திரி. குழாய் வலது பக்கம் இருந்துச்சு. அந்தக் கையிலதான கோலு கீது? கோல அக்குள்ல இடுக்கிக்கினுதான் ஏறுவேன். படியும் ஒசரம்."

தம்பி திகைத்துப் போனார். "இத்தினி வருசமா ஏன்க்கா சொல்லல?"

"நீ இன்னா, கேட்டியா?" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

அவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, கால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். தாழ்வாக இரண்டு படிகள், இடது பக்கம் குழாய். வெல்டிங் சூட்டில் பச்சைப் பெயிண்ட் பொரிந்து கறுத்தது. சூடு ஆறியதும் அவர் ஏறினார், உட்கார்ந்தார், இறங்கினார். "இன்னொரு தபா பாக்கறேன்" என்று மறுபடியும் ஏறினார்.

அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். கீழே விழப்போன நிலையிலும் என் மனசு நோகக் கூடாதென்று வண்டியைப் பாராட்டினாரே, அதுதான் இன்றும் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் என்னை வாய் திறந்து கேட்க வைக்கிறது.