சீட்டு விழுந்த வகுப்பு

கோமளாவைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக்கியதே அவள் வாய் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறவள். கரையேறிய பிறகு கூட்டத்தில் பேச அவளுக்குத் தெம்பு இருக்காது என்று ஊர் கணக்குப் போட்டது.

நாலாம் வகுப்புக்குப் போனதிலிருந்து மகள் மஞ்சுவுக்கு மூச்சிழுப்பு. லீவு விட்டால் இழுப்பும் லீவு. அந்த வகுப்பின் பின்சுவரை ஒட்டி ஃபைபர் படகு ரிப்பேர் செய்யும் பட்டறை. ரெசின் நெடியும் தேய்க்கிற தூளும் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும். மூடினால் வந்தது வெளியே போகாது. பட்டறை ஊர்த்தலைவர் ராஜேந்திரனின் மச்சானுடையது.

வகுப்பறைக் காற்றைச் சோதிக்கும் கருவி ஒன்றை இலவசமாக வைக்கிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது. கோமளா சரி என்றாள். ஊர் கூட்டம் போட்டது. காற்று கெட்டது என்று வந்தால் பள்ளியை மூடிப் பிள்ளைகளைப் பொன்னேரிக்கு அனுப்புவார்கள் என்றார் ஒருவர். நம்மூர் மீனையும் வாங்கமாட்டான் என்றார் இன்னொருவர்.

"எம்பொண்ணுக்கு மூச்சு வர்ல தலைவரே. எதனாலன்னு தெரியணும், அவ்ளோதான்" என்றாள் கோமளா.

"மத்த பசங்க மூக்க கழட்டி வச்சிட்டா வர்றாங்க? கருவி ஒண்ணு, கிளாஸ் அஞ்சு. பாடு மாரி சீட்டு போட்டுக்கலாம். யாருக்கும் மனஸ்தாபம் வராது" என்றார் ராஜேந்திரன்.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. நல்ல முறை, அதனால் ஊரில் வெட்டுக்குத்து இல்லை. மீனுக்குச் சரியானது மூச்சுக்கும் சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கையால் பிடிக்கிற பெண்களுக்குப் பாடு முறையில் பங்கு கிடையாது. ஆகவே தலைவி சீட்டைத் தொடவில்லை.

சீட்டு ஒன்றாம் வகுப்புக்கு விழுந்தது. ஏரியைப் பார்த்த அறை. புயலில் பிய்ந்த ஜன்னல் கதவுகளை யாரும் திரும்ப மாட்டவில்லை. கருவி ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து ஏரிக்காற்று வாங்கியது. பள்ளிக்கூடக் காற்று சுத்தம் என்று ராஜேந்திரன் மைக்கில் அறிவித்தார்.

திங்கட்கிழமை கோமளா மஞ்சுவை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். பின்னாலேயே நாலாம் வகுப்புத் தாய்மார்களும் பிள்ளைகளோடு வந்தார்கள். சாலமன் வாத்தியார் இன்னாம்மா இது என்று மறித்தார்.

"அங்க காத்து எப்படின்னு யாருக்கும் தெரியாது சார். இங்க நல்லா கீதுன்னு தலைவரே சொல்லிட்டாரு. அவுரு பேச்ச நாமளே நம்பலன்னா எப்படி?"

ராஜேந்திரன் வந்து பார்த்தார். மறுக்க வேண்டுமானால் மைக்கில் சொன்னதை மறுக்க வேண்டும். திரும்பிப் போனார்.

ஒரே அறையில் இரண்டு வகுப்பும் கத்துகின்றன. மஞ்சு ஏழாம் வாய்ப்பாட்டை இழுப்பில்லாமல் ஒப்பிக்கிறாள். காலியான அறையில் பட்டறைக்காரர் ரெசின் டின்களை அடுக்கிவிட்டார். அதற்கும் ஒரு கூட்டம் போடச் சொல்லி நிற்கிறாள் கோமளா.