மாமா சேற்றைப் புகழ்ந்த நாள்

1967ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கத்திரி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தின் சிமெண்டு பெஞ்சில் முந்தின நாள் சூடு இன்னும் ஆறவில்லை. மாமா கிள்ளைக்கு டிக்கெட் எடுத்தார். அவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு அரை. முழு டிக்கெட் ஒரு ரூபாய்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. என் மகள் குடும்பத்தோடு கேரளத்து உப்பங்கழியில் இரண்டு நாள் தங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். படகு வீட்டின் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டுகிறாள். கொசுவலை உண்டா, குடிதண்ணீர் யார் தருவார்கள், நம்மில் நீச்சல் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று நான் வரிசையாகக் கேட்டால், "ஊருக்குப் போறப்ப ஜாலியா வாங்கப்பா, ஆடிட் பண்ணாதீங்க" என்கிறாள். எங்கள் குடும்பத்தில் விடுமுறைக்கென்று முதன்முதலில் திட்டம் போட்டவர் என் தாய்மாமா. அதைவிட உருப்படியான திட்டம் ஒன்றை இந்த அறுபத்தாறு வயதுவரை நான் பார்த்ததில்லை.

மாமா திட்டக்குடிக்காரர். கம்பும் கடலையும் போடுகிற குடும்பம். அவருக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருடம். அத்தை கிள்ளைக்குக் கிழக்கே, பிச்சாவரத்தை அடுத்த ஒரு கழிக்கரை ஊரில் பிறந்தவள். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்லும் ஒரு சவுக்குத் தோப்பும் உண்டு. அந்த வருடம் பொங்கலுக்கு மகளை அழைத்துப் போக அவர் திட்டக்குடிக்கு வந்திருந்தபோது, மாமா அவர் எதிரிலேயே அத்தையைப் பார்த்து, "அந்தச் சேத்துலயும் கொசுக்கடியிலயும் என்னா இருக்குன்னு இப்பிடி ஓடற?" என்று கேட்டுவிட்டார். அத்தை அப்பாவோடு புறப்பட்டுப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளையே நேரில் வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவோம் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். கூப்பிடாத வீட்டு வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று மாமா இங்கிருந்து சொல்லி அனுப்பினார். இப்படி நான்கு மாதம் போயிற்று. ஆடிக்குள் வராவிட்டால் உறவைப் பேசி முறித்துவிடலாம், வேறு பெண் பார்க்கலாம் என்று திட்டக்குடியில் பெரியவர்கள் வாய்விட்டே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது, அத்தை பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், மாமா எங்களைப் படகில் கூட்டிப்போகிறார் என்பது மட்டும்தான்.

மே மாதத்தில் மாமா திடீரென்று கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, இயற்கைக் காட்சிகள் பார்க்கப் போகவேண்டும் என்றார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "கத்திரி வெயில்ல உப்புத் தண்ணியப் பாக்கவா?" என்று கேட்டார்.

"என்னா மச்சான், நம்ம ஊரு அருமை நமக்குத் தெரியறதில்ல. ஜனங்க எங்கெங்கியோ போறாங்க. இங்க அரை நாள்ல போயி பாத்துட்டு வந்துடலாம்."

அப்பா செய்தித்தாளை மடித்து மாமாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தனக்கு ஆபீஸ் வேலை இருப்பதாகவும் நாங்கள் மூவர் போய் வரலாம் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் என்று நான் கேட்டேன். அப்பா செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

கிள்ளையில் இறங்கி ஒரு மாட்டு வண்டி பிடித்தோம். அதற்கு ஒரு ரூபாய். வழியில் வாழைப்பழமும் முறுக்கும் அறுபது பைசாவுக்கு. புளிச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மா கட்டி எடுத்து வந்திருந்தாள். தண்ணீர் மட்டும் இல்லை. மாமா வேண்டாம் என்றுவிட்டாராம். "தண்ணிக்குள்ளாற போறோம், தண்ணிய எதுக்குக்கா தூக்கிட்டு?" ஏரிக்கரையில் வளர்ந்தவருக்கு, தேங்கி நிற்கும் தண்ணீர் எல்லாம் குடிக்கிற தண்ணீர்.

படகுக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். மாமா பேரம் பேசவில்லை. புடலங்காய்க்குக்கூடப் பேரம் பேசுகிறவர் அவர். படகுக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏறுங்க சார்" என்றார். அந்த 'சார்' மாமாவை என்னவோ செய்தது. முகம் சுருங்கிப் பிறகு நிமிர்ந்தது. அந்த ஆள் அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், கல்யாணத்தில் மாமாவுக்கு இலை போட்டவர் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். இருவருக்கும் அது தெரியும். இருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

படகு கால்வாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. மாமா புகழ ஆரம்பித்தார். தண்ணீரைப் புகழ்ந்தார், நாரையைப் புகழ்ந்தார். தில்லை மரத்தைக் காட்டி, பால் பட்டால் கண் போய்விடும், கையை நீட்டாதே என்று படகுக்காரர் என்னை எச்சரித்தபோது, அப்படிப்பட்ட மரம் வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று மாமா அதையும் புகழ்ந்தார். எல்லாவற்றையும் எங்களிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் நாங்கள் இரண்டு முழத்தில் உட்கார்ந்திருக்க, குரல் என்னவோ கரைவரைக்கும் போயிற்று.

"இந்தச் சேறு இருக்கு பாருக்கா, இதுல ஒரு மினுமினுப்பு இருக்கு. எங்கூருல வராது."

"ஆமா சார்" என்றார் படகுக்காரர், கம்பை ஊன்றியபடி. "பாக்க நல்லாத்தான் இருக்கும். எறங்குனாதான் தெரியும்."

மாமாவின் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. வயிறு சிவந்து உருண்டிருந்தது. நான் அடிக்கக் கையை ஓங்கினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வுடுடா, அது பாட்டுக்கு இருக்கட்டும்." பிறகு சத்தமாக, "கொசுன்னு பேருக்குக்கூட ஒண்ணு இல்லியே" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

பத்து மணிக்கு அம்மா எனக்குப் புளிச்சோறு கொடுத்தாள். ஊறுகாயைத் தாராளமாக வைத்தாள். "தாகமா இருக்காடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது எனக்குத் தாகம் வந்துவிட்டது. மாமா கையால் கழித் தண்ணீரை அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அதைத் துப்பவும் முடியாமல், படகுக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினார். அது ஒன்றைத்தான் அவர் அன்றைக்குப் புகழவில்லை.

"புள்ளைக்குத் தண்ணி வேணுமே" என்றாள் அம்மா.

படகுக்காரர் யோசிக்கவே இல்லை. படகை ஒரு கிளைக் கால்வாயில் திருப்பிச் சவுக்குத் தோப்பை ஒட்டி விட்டார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். கரைக்குப் பதினைந்து அடி இருக்கும்போதே படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அவர் கரையைப் பார்த்து, "அண்ணே, வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க. சின்னப் பையன் தாகம்னு அழுவறான்" என்று கூவினார். நான் அழவில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். உடனே அழுதேன்.

செம்போடு வந்தவள் அத்தை. எனக்கு ஒரே ஆச்சரியம். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவில் நடப்பதுபோலச் சேற்றில் நடந்து படகுக்கு வந்தாள். எனக்கு ஊற்றினாள். "வாங்க அண்ணி" என்று அம்மாவுக்கு ஊற்றினாள். மாமா இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அத்தை செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"தீந்துபோச்சுன்னு ஒங்க மாமாகிட்ட சொல்லு தம்பி."

திரும்பிப் போய்க் கரையில் ஏறி, அங்கே வைத்திருந்த குடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள். தோப்போரம் அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை.

மாமா கொஞ்ச நேரம் குவித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். சலவை வேட்டியோடு படகிலிருந்து இறங்கினார். முதல் அடியில் முழங்கால், நான்காவது அடியில் தொடை. கைகளை விரித்து, உளைச்சேற்றில் மாட்டிய மாடுபோல இழுத்து இழுத்துப் போனார். கரைக்கு ஒரு எட்டு இருக்கையில் நின்றுவிட்டார். அதற்குமேல் கால் வரவில்லையா, அவரே நின்றுகொண்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அத்தை படகைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, எங்கூரு சேறு எப்பிடியிருக்குதுன்னு ஒங்க மாமாவக் கேளு."

நான் கடமையாகக் கேட்டேன்.

"நல்லாத்தான்டா இருக்கு" என்றார் மாமா, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. குரல் இப்போது கரைவரைக்கும்கூடப் போகாதுபோல இருந்தது. "நான் பேசுனதுதான் நல்லால்ல."

அத்தை செம்பைக் குடத்தில் அமிழ்த்துவது கேட்டது.

"கொசு?" என்றாள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை.

"கொசுவும் பரவால்ல."

படகுக்காரர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா. அத்தையின் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். மகளைப் பார்த்து, "மனுசன சேத்துல நிக்க வெச்சா பேசுவ?" என்று அதட்டிவிட்டுக் குனிந்து கையை நீட்டினார். "ஏறி வாங்க மாப்ள. வூட்டுக்கு வாங்க."

இரண்டு பக்கத்துச் சொல்லும் பொய்க்கவில்லை. மாப்பிள்ளை நேரில் வந்தார். கூப்பிட்ட பிறகுதான் கரையை மிதித்தார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. படகில் போகலாம் என்று கூட்டிவந்து, மிச்சப் பொழுதையெல்லாம் ஒரு வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். முகத்துவாரம் பார்க்கவில்லை, கடல் பார்க்கவில்லை. திட்டம் முழுத் தோல்வி என்று முடிவு கட்டினேன். என் இலையில் விழுந்த பதினான்கு இறால்கள் அந்தக் கருத்தைக் கொஞ்சம் மாற்றின. படகுக்காரரும் எங்களோடு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "மாப்ள, அந்த மூணு ரூவா" என்றார். உறவு வேறு, வாடகை வேறு.

சாயங்காலம் அத்தையின் அப்பா தன் வண்டியிலேயே எங்களைக் கிள்ளை நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். நான்கு பேர் நின்றோம். மாமாவின் வேட்டியில் சேறு காய்ந்து வரட்டிபோல உதிர்ந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிடலாம் என்று அத்தை கை நீட்டுவதும், நான் பார்த்தால் எடுத்துக்கொள்வதுமாக இருந்தாள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. தண்டவாளத்தில் தூரத்தில் புகை தெரிந்தது. அத்தைக்கு டிக்கெட் இல்லையே, ஏற விடுவார்களா? மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மாமா மேல்பையிலிருந்து அட்டை டிக்கெட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். நான் எண்ணினேன். மூன்று முழு, ஒரு அரை. எல்லாம் கடலூர் திரும்புவதற்கு, காலையில் கிள்ளையில் இறங்கியதுமே வாங்கியவை.

மூடிய ஜன்னலில் டிக்கெட் வாங்கத் தெரிந்த ஒரே ஆள் என் மாமா என்று பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரிடமும் சொன்னேன். காலையில், அவள் வருவாளா என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாத நேரத்தில், மூன்றாவது முழு டிக்கெட்டுக்கு மாமா எதை நம்பிப் பணம் கொடுத்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்த ஒரு ரூபாயையும் சேர்த்து அன்றைக்கு மாமாவுக்கு ஆன மொத்தச் செலவு பத்து ரூபாய் அறுபது பைசா.