சகலையின் ஜீப்புக்கு ஓர் இன்ஜின்

மெக்கானிக்குக்குக் கடுகு என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆள் குள்ளம். பொரிய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்க முடியாது. ஸ்பேனரைத் தப்பாக எடுத்துக் கொடுத்தால் திட்டுவார். சரியாக எடுத்துக் கொடுத்தால், இதற்கு இவ்வளவு நேரமா என்று திட்டுவார். ஆனாலும் செத்துப்போன டீசல் இன்ஜினைப் பிரித்துக் கோத்து ஓடவைப்பதில் அவரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் திட்டு வாங்கிக்கொண்டாவது வண்டிக்காரர்கள் அவர் பட்டறைக்குத்தான் வந்தார்கள்.

வராத ஒரே ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். மலைப்பாதையில் ஜீப் ஓட்டி, மேலே இருக்கும் வீடுகளுக்குச் சிமெண்டும் சாமான்களும் ஏற்றிப்போவது அவர் பிழைப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "கடுகை அந்தக் கோடியில உட்காரச் சொல்லுங்க. சோத்துல டீசல் வாடை அடிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் அவர். இருபது பேரும் சிரித்தார்கள். கடுகு போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது. பேசியே ஆகவேண்டும் என்றால், அக்காவோ தங்கையோ நடுவில் நின்று தபால்காரர் வேலை பார்க்க வேண்டும்.

ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின் ஒரு நாள் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. சகலை பழைய இரும்புக் கடைக்குப் போய், எங்கேயோ மோதி நசுங்கிய ஒரு வேனிலிருந்து டீசல் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை ஜீப்பில் மாட்ட ஊரில் ஒரே ஒரு கைதான் இருந்தது.

"தங்கச்சி அழுகுறா" என்றாள் கடுகின் மனைவி.

"அழட்டும். அவ புருஷன் வாய் அழட்டும் முதல்ல."

"அவருக்காகப் பண்ண வேண்டாம். அவளுக்காகப் பண்ணுங்க."

கடுகு மறுநாள் இன்ஜினை எடுத்துவரச் சொன்னார். மனம் இளகியெல்லாம் இல்லை. தினமும் சாவியைத் திருப்பும்போது அந்த வாய்க்கொழுப்பு பிடித்தவன் தன் கைவேலையின் சத்தத்தைக் கேட்டே தீரவேண்டும் என்ற வன்மம்தான்.

இன்ஜினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துண்டு துண்டாகச் சாக்கின்மேல் பரப்பினார். சிலிண்டருக்குள் விரலை விட்டால் நகம் தடுக்கியது, அவ்வளவு தேய்மானம். உள்ளே சுழலும் கிராங்க் தண்டில் கீறல் கீறலாகக் கோடுகள். வேலை முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். சகலை வாசலில் நின்று, கூட வந்த மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்: "இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு. வேலையை இழுக்கறதுக்குக் கதை விடறாருன்னு சொல்லு."

"பொய்னு தோணினா அள்ளிட்டுப் போகச் சொல்லு" என்றார் கடுகு, தலை நிமிராமல்.

அள்ளிக்கொண்டு போகவில்லை. கடுகு சிலிண்டரைக் கடைந்து, கிராங்கைச் சாணை பிடித்து, புது பேரிங் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து இறுக்கினார். ஜீப்பின் கியர்பாக்ஸும் வேனின் இன்ஜினும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதால் நடுவே வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டைத் தானே வெட்டினார். நாற்பதாம் நாள் இன்ஜின் ஜீப்புக்குள் இறங்கியது. முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஒரு குறைதான் பாக்கி. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, சம்ப் என்பார்கள், வேனுக்காகச் செய்தது, ஆழமானது. அதற்கும் முன்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது. பாரம் ஏற்றிப் பள்ளத்தில் விட்டால் ஆக்ஸில் எழும்பித் தொட்டியை இடிக்கும். தொட்டியை வெட்டி, உயரம் குறைத்து, பற்றவைக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும்.

அன்று பார்த்து சகலை தனியாக வந்தார். நடுவில் நிற்க ஆள் இல்லை. வண்டி ஓடுவதைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டார். கடுகு சுவரைப் பார்த்து, "ஆக்ஸில் இடிக்கும். இன்னும் வேலை இருக்கு" என்றார். சகலை கண்ணாடியைச் சரிசெய்தபடி, யாருமே பேசாதது போல ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு ஜீப்பை வெளியே எடுத்தார்.

கடுகு ஓடிப்போய் மறித்திருக்கலாம். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தார். அந்த நினைப்பு வெயிலில் மோர் குடித்த மாதிரி இதமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மூட்டை சிமெண்டோடு மலையேறும்போது ஆக்ஸில் இடித்துத் தொட்டி பிளந்தது. ஆயில் முழுக்கப் பாதையில் கொட்ட, பேரிங் உருகி இன்ஜின் இறுகிப்போனது. ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருண்டு ஓடைக்குள் சாய்ந்தது. சகலைக்குத் தோள் எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது.

ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினி நேரே பட்டறைக்கு வந்தாள். அழவில்லை.

"நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு அவரு சொல்றாரு, மாமா."

"நாக்கு அழுகிடும் அவனுக்கு! இடிக்கும்னு நான் சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

கடுகின் பார்வை சுவர்ப் பக்கம் போனது.

"சுவருகிட்டயா? மேல இருந்து தள்ளிக் கொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குத்தான் அறிவு இல்ல. உங்களுக்கு இருந்துச்சே, என்ன பண்ணீங்க?"

அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். இப்படி ஒரு திட்டு வாங்கியதில்லை.  மறுநாள் லாரியும் இரும்புச் சங்கிலியும் எடுத்துக்கொண்டு போய் ஜீப்பை ஓடையிலிருந்து தானே இழுத்துவந்தார். உருகிய பேரிங்கைக் கிராங்கிலிருந்து சுரண்டி எடுக்கும்போது, தன் வேலையைத் தானே கொன்றது போல இருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கட்டுப்போட்ட கையோடு சகலை தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், காவல்காரர் மாதிரி. நான்காம் நாள் பொறுக்க முடியாமல், "அந்த போல்ட்டு இன்னும் இறுகணும்" என்றார்.

"வாயை மூடு" என்றார் கடுகு, அவர் முகத்தைப் பார்த்து.

"என் இன்ஜின். நான் பேசுவேன்."

"உன் இன்ஜின் ஓடையில செத்துப்போச்சு. இது என் இன்ஜின்."

அன்று ஆரம்பித்த சண்டை பிறகு ஓயவே இல்லை. கொலைகாரன் என்றார் ஒருவர், குருட்டுக் கழுதை என்றார் மற்றவர். மாமனார் வீட்டுச் சாப்பாடு வரைக்கும் போனார்கள். "ஒரு வார்த்தை வேடிக்கையாச் சொன்னா ஒன்பது வருஷமா?" என்று கத்தினார் சகலை. "இருபது பேர் முன்னால சொன்னே" என்றார் கடுகு. அதைச் சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். சகலை அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று மட்டும் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்.

இந்தத் தடவை தொட்டியைக் குறுக்கிப் பற்றவைத்து, பாரத்தில் அமுங்காதிருக்க முன் ஸ்பிரிங்கிலும் ஒரு பட்டை கூட்டினார் கடுகு. ஜீப்பில் மூட்டை ஏற்றி, பக்கத்தில் படுத்து அடியைப் பார்த்துக்கொண்டு, வண்டியை மெதுவாகக் குழியில் இறக்கி ஏற்றும்படி மச்சினியிடம் சொன்னார். அவளுக்கு ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் அதே ஜீப்பில் பழகி, லைசென்ஸும் எடுத்திருந்தாள். எங்கேயும் இடிக்கவில்லை.

"தோள் சரியாகற வரைக்கும் நானே ஓட்டறேன்" என்றாள். சகலை முடியாது என்றார். மலைப்பாதை பொம்பளைக்கு ஆகாது என்றார். ஏற்றத்தில் இரண்டாவது கியர் விழாமல் திணறுவாள் என்று கடுகும் சேர்ந்துகொண்டார். ஆயுளில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.

அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் காலி வண்டியோடு திரும்பி வந்தபோது சகலைகள் இரண்டு பேரும் வாசலில் நின்று, தப்பு யார்மேல் என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். தோள் சரியாகி நான்கு மாதம் ஆகிறது. சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.