தங்கச்சிக்கும் சேர்த்து வந்த முடிவு

புறக்கோட்டையில் வெங்காய மூட்டை இறக்கித் தொடங்கி, வெள்ளவத்தையில் சொந்தமாக மாடிவீடு கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. என் குடலில் வந்த புற்றுநோயை வெட்டியெடுத்த டொக்டரே, இந்த வயதில் இவ்வளவு கெதியாக எழுந்து நடந்த ஆளைத் தான் கண்டதில்லை என்றார்.

அவர்தான் பிறகு என் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார்.

“ஐயா, இது பரம்பரையா வாறது. உங்கட தங்கச்சிக்கும் இருக்கலாம். அவ இப்பவே குடலைக் கமரா போட்டுப் பாக்கிறது நல்லது.”

“அப்ப நீங்களே கோல் எடுத்துச் சொல்லுங்கோவன்.”

“நான் சொல்ல ஏலாது. இது உங்கட சோதனை முடிவு. நீங்கள்தான் சொல்ல வேணும்.”

அவ்வளவு படித்தவருக்கு ஏலாத வேலை என்னிடம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவளுடைய மகளுக்குச் சாதகம் பொருந்தி, மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. சம்பந்தம் பேசுகிற காலத்தில் எங்கள் ஆட்கள் இருமலைக்கூட வெளியே காட்டமாட்டார்கள். தங்கச்சி எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள்.

“அண்ணை, முதலில தாலி ஏறட்டும். இப்ப ஆசுப்பத்திரி வாசலில ஆரும் கண்டால் எல்லாம் குழம்பிப் போடும்.”

“தாலி ஏற இன்னும் ஆறு மாசம் கிடக்கு. நோய் வருத்தம் நல்லநாள் பாத்தே வரும்?”

குசினிக்குள் அடுப்படியில் நின்ற தங்கச்சியின் மகள், என் மருமகள், வெளியே வந்தாள்.

“மாமா, யன்னலைச் சாத்தியும் பிரயோசனமில்லை. உங்கட குரலுக்கு ரோட்டில நிக்கிற த்ரீவீல்காரனுக்கும் விளங்கியிருக்கும்.” பிறகு தாயிடம் சொன்னாள்: “அம்மா, நீங்கள் போய்ப் பாருங்கோ. நான் இப்ப சோதிக்கமாட்டன். எப்ப எண்டு நான்தான் முடிவெடுப்பன். கட்டப்போற அவருக்கும் நானே சொல்லுவன். மாமா முந்திக்கொண்டு கதைக்கக்கூடாது.”

எனக்குக் கட்டளை போட இதுவரை ஒருவரும் துணிந்ததில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

கொட்டாஞ்சேனைக்காரர் எவரும் வராத ஆசுப்பத்திரியாகப் பார்த்து, தங்கச்சியை என் காரிலேயே கொண்டுபோனேன். குடலில் சின்னதொரு கட்டி இருந்தது. புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் வந்த மாப்பிள்ளையின் தகப்பன், தாய்மாமன் என்ற முறையில் என்னிடம்தான் கேட்டார்.

“குடும்பத்தில வருத்தம் ஏதும் இருக்கோ?”

தெரிந்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்குக் குடலில புற்றுநோய். வெட்டியாச்சு. இப்ப கல்லுமாதிரி இருக்கிறன். மற்றவையின்ர சுகத்தை அவையிட்டத்தான் கேக்க வேணும்.”

அவர் மருமகளைப் பார்த்தார். “உங்கட மகனிட்ட எல்லாம் கதைச்சிட்டன், அங்கிள்,” என்றாள் அவள். மாப்பிள்ளை, “ஓம் அப்பா, எனக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்தான். தகப்பன் வடைத்தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எந்த மண்டபம் வசதி என்று கேட்டார்.

கலியாணத்தில் தங்கச்சிதான் முன்னுக்கு நின்று ஆலாத்தி எடுத்தாள். மருமகள் சோதித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவுமில்லை. என் வாய்க்கு இது மாடிவீடு கட்டியதைவிடப் பெரிய காரியம்.