தேய்ந்த சாவியின் நகல்

என் பெரியப்பா சாவி வெட்டுகிறவர். எதிர்க் கடையில் அப்பாவுக்கும் அதே தொழில். நடுவில் இருபதடிச் சாலையும் பதினோரு வருடப் பேச்சில்லாமையும்.

சண்டை ஓர் அலமாரிச் சாவியால் வந்தது. தேய்ந்துபோன சாவியைப் பெரியப்பா தேய்வு மாறாமல் நகலெடுத்துக் கொடுத்தார், பூட்டு திறக்கவில்லை. தேய்வைச் சரிசெய்து வெட்டத் தெரியாதவருக்கு எதற்குக் கடை என்று அப்பா வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டார். நகல் சரி, அசல்தான் கோளாறு என்பது பெரியப்பாவின் கட்சி. அதிலிருந்து அவர் ஓர் அங்குலம் நகரவில்லை.

பெரியப்பாவுக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தபோது, உடம்புச் சூடு என்று சொல்லி மூன்று மாதம் தண்ணீர் குடித்தே ஓட்டினார். ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் எட்டு சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. வலதிலும் சின்னதாக இரண்டு. இடதை முழுதாக எடுத்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் ஸ்பேரைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்றார்.

இரண்டு பக்கமும் கட்டி இருந்ததால் மரபணுவையும் சோதித்தார்கள். கட்டி வளராமல் தடுக்க வேண்டிய ஒரு மரபணுவில் பிறவியிலேயே பிழை. நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்த தாத்தாவிடமிருந்து வந்திருக்கலாம், தம்பிக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். அதைக் கேட்டுப் பெரியப்பாவின் முகம் ஏன் மலர்ந்தது என்று டாக்டருக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

அன்று மாலையே ரிப்போர்ட்டை என் கையில் திணித்தார்.

"உங்கப்பன்கிட்ட காட்டு. அசல்தான் கோளாறுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார்."

அவரைப் பொய்யாக்குவதற்காகவே அப்பா சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். அதே பிழை இருந்தது. ஸ்கேனில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி. டாக்டர் அவசரப்படவில்லை, மூன்று சென்டிமீட்டர் ஆகும்வரை கண்காணித்தார். ஒன்றரை வருடத்தில் அது மூன்றைத் தொட்டதும் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து, சிறுநீரகத்தை விட்டுவைத்தார்.

பார்க்க வந்த பெரியப்பா, கட்டிலில் கிடந்த தம்பியை விட்டுவிட்டு என் அம்மாவிடம் பேசினார். "எனக்கு ஒண்ணையே புடுங்கிட்டாங்க. இவனுக்கு வெறும் சில்லறை வேலை."

மரபணுச் சோதனைக்கு அடுத்தது என் முறை. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் தலைமுறைக்கு நான் ஒருத்திதான். முடிவு வர மூன்று வாரம். அதுவரை இரண்டு கடைகளிலும் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பெரியப்பா ஒரே நாளில் நான்கு சாவிகளைப் பாழாக்கினார் என்று கேள்வி.

எனக்குப் பிழை இல்லை.

அப்பா அந்தக் காகிதத்தோடு சாலையைக் கடந்து, பெரியப்பாவின் மேசைமேல் வைத்தார்.

"அசல் கோளாறா இருந்தாலும் நகல் நல்லா வரும். படிச்சுப் பாருண்ணா."

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைச் சட்டையில் வெகுநேரம் துடைத்தார்.

"சரி, இதுல நீயே ஜெயிச்சதா இருக்கட்டும்" என்றார். "ஆனா அந்த அலமாரிச் சாவி நான் வெட்டினது சரிதான்."